ஒட்டுத் தாடியும் ஒரு தந்தியும்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி என்று எழுதலாம்தான். ‘முழங்காலால்தான் எழுதுகிறாயா?’ என்று நீ கேட்பாய். சோம்பல், அவ்வளவுதான். பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்தது. நீ வராதது இவளுக்கு இன்னும் கோபம்.

‘சானிட்டரி இன்ஸ்பெக்டர் நினைவிருக்கிறாரா’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டாய். இரண்டு நாள் தனியாகச் சிரித்தேன். காலேஜ் நாளில் நீ கட்டிய அந்த இன்ஸ்பெக்டர் வேஷம்! உன் மாமாவின் கோட்டு, அளவுக்கு மீறிய தொளதொளப்பு. நீ பாத்திரங்களை முகர்ந்து பார்க்க, நான் பின்னால் நின்று ஃபைலில் குறித்துக்கொள்ள, அந்த டீக்கடைக்காரர் நடுங்கிப்போய் போண்டா எடுத்து வைத்தார். ஒன்று கவனித்தாயா? வாரம் மூன்று நாள் அங்கே டீ குடித்தவர்கள் நாம். அவர் உன் முகத்தைப் பார்க்கவே இல்லையடா. என் கையிலிருந்த ஃபைலைத்தான் பார்த்தார்.

இதே வேலையைப் பிரிட்டிஷ் கடற்படையிடமே காட்டிய ஒரு கூட்டம் உண்டு. 1910 பிப்ரவரி 7. அன்றைக்கு அவர்களிடம் இருந்த பெருமை பிடித்த கப்பல் ‘டிரெட்நாட்’. 1906இல் கடலில் இறங்கியபோது, உலகத்திலிருந்த மற்றப் போர்க்கப்பல்களையெல்லாம் ஒரே நாளில் பழசாக்கிவிட்டது என்பார்கள். பன்னிரண்டு அங்குலப் பீரங்கி பத்து. ஜெர்மனியோடு கப்பல் கட்டும் போட்டி உச்சத்தில் இருந்த நேரம், பார்த்துக்கொள்.

ஹொரஸ் டி வெர் கோல் என்று ஒருவன். குறும்பையே தொழிலாக வைத்திருந்தவன். 1905இல் கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே, கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் சுல்தானுடைய சிற்றப்பன் வந்திருப்பதாகச் சொல்லி ஊர் மேயரை ஏமாற்றியவன். இந்த முறை அபிசீனியா, அதாவது இன்றைய எத்தியோப்பியா. ஓவியர் டங்கன் கிராண்ட் உட்பட நான்கு பேருக்கு அந்த நாட்டு அரச குடும்பத்தார் வேஷம். அட்ரியன் ஸ்டீபன் மொழிபெயர்ப்பாளர். கோல் தன்னை வெளியுறவுத் துறை அதிகாரியாக நியமித்துக்கொண்டான். அந்த நாலு பேரில் ஒட்டுத் தாடியும் தலைப்பாகையுமாக நின்றது ஒரு பெண், அட்ரியனின் அக்கா வர்ஜீனியா. வயது 28. பிறகு எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் என்று உலகம் படித்தது இவரைத்தான்.

லண்டனில் நாடகக்காரர்களுக்கு வேஷம் போட்டுவிடும் வில்லி கிளார்க்சன் இவர்களுக்கும் போட்டுவிட்டார். முகமெல்லாம் கரிய பூச்சு. எச்சரிக்கை ஒன்றே: எதையும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, உதட்டுப் பூச்சு போய்விடும். பாடிங்டனில் ரயில் ஏறினார்கள். வண்டி கிளம்பிய பிறகு லண்டனிலிருந்து ஒரு கூட்டாளி கடற்படைத் தளபதியான அட்மிரலுக்குத் தந்தி அடித்தான். வெளியுறவுத் துறையின் தலைமை அதிகாரி ஹார்டிஞ்சின் பெயரில். இளவரசர் வருகிறார், கப்பலைக் காட்டுங்கள். விசாரித்துப் பார்க்க நேரமே இல்லாதபடி நேரம் பார்த்து அடித்த தந்தி! அதுதான் இவர்களுடைய ஃபைல்.

கப்பல் நின்ற கடற்கரைப் பக்கம், வேமவுத் ரயில் நிலையத்தில் சிவப்புக் கம்பளம். கப்பலில் அணிவகுப்பு மரியாதை. அபிசீனியக் கொடி கையில் இல்லாததால் சான்சிபார் கொடியை ஏற்றி, சான்சிபார் கீதத்தையே வாசித்தார்களாம். வந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது, வாசித்தவர்களுக்கும் தெரியாது. பொருத்தமான ஜோடி.

பாவம், அட்ரியன்தான் மாட்டிக்கொண்டான். கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலி கொஞ்சம் படித்துப் பார்த்தான், ஒட்டவில்லை. பள்ளியில் நெட்டுருப் போட்ட லத்தீன், கிரேக்கக் கவிதைகளை எடுத்து, சொல்லை உடைத்து, உச்சரிப்பைத் திரித்து, அதையே அபிசீனிய மொழி என்று விட்டான். இளவரசர்கள் ‘புங்கா புங்கா’ என்று வியந்தார்கள். வர்ஜீனியா குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதிகம் வாய் திறக்கவில்லை. இதில் உச்சம் என்னவென்றால், அந்தக் கப்பலில் உயர்பதவியில் இருந்த வில்லியம் ஃபிஷர் இந்த அக்கா தம்பிக்கு ரத்த உறவு! எதிரே நின்று பேசியும் அடையாளம் தெரியவில்லை.

நடுவில் தூறல் போட்டது, காற்று வேறு. கிராண்டின் மீசை ஒரு ஓரம் கிளம்பிவிட்டது. அட்ரியன் சமயோசிதமாக, வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள், இந்தக் குளிர் ஆகாது என்று சொல்லி எல்லோரையும் உள்ளே அழைத்துப் போகவைத்தான். பீரங்கி முழக்க மரியாதையை வேண்டாம் என்றார்கள். சாப்பாட்டுக்கு மத ஆசாரத்தைக் காரணம் காட்டினார்கள். திரும்பும் ரயிலில், பரிமாறுகிறவர்கள் வெள்ளைக் கையுறை போட்டால்தான் இளவரசர்கள் உண்பார்கள் என்று கோல் அடம்பிடித்து, வழியில் ரெடிங்கில் கையுறை வாங்கவைத்தானாம். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆசாமிக்கு விளம்பர ஆசை. அவனே செய்தியைக் கசியவிட, வேஷத்தோடு எடுத்த படம் டெய்லி மிரர் பத்திரிகையில் வந்து, நாடாளுமன்றத்தில் கேள்வி வரை போனது. வழக்குப் போடச் சரியான பிடி கிடைக்கவில்லை. கடைசியில் கடற்படை ஆட்கள் கிராண்டைக் காலை நேரத்தில் வீட்டுச் செருப்போடேயே காரில் தூக்கிப்போய், வெட்டவெளியில் பிரம்பால் இரண்டு தட்டு தட்டி அனுப்பினார்கள். அவ்வளவுதான் மானம் மீட்டது!

எனக்குச் சிரிப்பு பாதியில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. பெண் தாடி ஒட்டிக்கொண்டு தப்பியது தாடியின் சாமர்த்தியமா? கறுத்த முகம் என்றதும் யாரும் அதற்குமேல் உற்றுப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. 1896இல் அட்வாவில் இத்தாலியப் படையையே தோற்கடித்த நாடு அது. அந்த நாட்டு மனிதன் என்றால் பூச்சு, தலைப்பாகை, உளறல் என்று ஏமாற்றியவர்களும் நினைத்தார்கள், ஏமாந்தவர்களும் நினைத்தார்கள். அட்மிரலைக் கேலி செய்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அங்கே இல்லாத ஒருவனும் சேர்ந்து கேலிக்கு ஆளானான்.

இன்னொரு வேடிக்கை. தந்தியில் யார் பெயரைப் போட்டார்களோ அந்த ஹார்டிஞ்ச் அதே ஆண்டு கடைசியில் நமக்கு வைஸ்ராயாக வந்தார். 1913இல் சென்னையில் நின்று, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்துக்கு அனுதாபம் தெரிவித்துப் பேசியவரும் அவர்தான். தன் பெயரால் போன தந்தியை நினைத்து என்றாவது சிரித்திருப்பாரா?

போன மாதம் காலேஜ் பக்கம் போனேன். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொல்லாமலே, போண்டாவுக்குக் காசும் கொடுக்காமல் வந்துவிட்டோம். நாம் வேஷம் கட்டியது அட்மிரலிடம் இல்லையே. எவ்வளவு யோசித்தும் அவர் பெயர் எனக்கு வரவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

பங்குனியில் கட்டாயம் வா. கோட்டு வேண்டாம்.

அன்புடன்,
ராமலிங்கம்