எந்த ஆர்என்ஏவைங்க அடக்கணும்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உடல்நலப் பக்கத்துல "நீள ஆர்என்ஏவை அடக்கிட்டா புற்றுநோய் பரவாது"ன்னு ஒரு வரி, அதுவும் கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க. உங்க கண்ணுல படாம ஒரு எழுத்துகூட அச்சுக்குப் போகாதுன்னு நம்பிட்டிருக்கிறவ நான், அதனால கேக்குறேன், எந்த ஆர்என்ஏ? ஆர்என்ஏங்கிறது டிஎன்ஏவைப் பார்த்து செல் எடுக்கிற நகல் இழை, அதுல புரதம் செய்யாத நீள ரகம் மட்டுமே நம்ம உடம்புல ஆயிரக்கணக்குல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா. ஹாட்டேர்னு ஒண்ணு, மார்பகக் கட்டியில அளவுக்கு மீறி இருந்தா பரவுற வாய்ப்பு ஜாஸ்தின்னு 2010லயே நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு, பிஆர்சி2ங்கிற புரதக் கூட்டத்தைக் கூட்டிட்டுப் போய் பரவலைத் தடுக்கிற ஜீன்களை மூட வைக்குதாம். சரி, அது வில்லன்னே வெச்சுக்குவோம். ஆனா மெக்3, காஸ்5 எல்லாம் கட்டியை வளர விடாம பிடிச்சு வைக்கிறதுங்க, பல கேன்சர்ல அதுங்க குறைஞ்சு போறதுதான் தொல்லையே, அதையும் சேர்த்து அடக்கிடலாமா? மாலட்1 கதை இன்னும் கூத்து. 2003ல ஜெர்மனியில நுரையீரல் கேன்சர் பரவப் போறதுக்கு அடையாளம்னு சொன்னாங்க, 2018ல எலிகள்ல பார்த்தா அதுவே மார்பகக் கேன்சர் பரவாம தடுக்குதுன்னு வந்து நிக்குது. ஆராய்ச்சி பண்றவங்களுக்கே இன்னும் முடியல, உங்க கட்டத்துக்குள்ள மட்டும் முடிஞ்சு போச்சு.

நான் இங்க ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் வேலை பார்த்தவ. ஆர்என்ஏ எடுக்கிற வேலைன்னா பெஞ்சைத் துடைச்சு, கையுறையை மாத்தி மாத்தி, டியூபை ஐஸ்லயே வெச்சுக்கிட்டு மூச்சை அடக்கி நிப்போம், ஏன்னா நம்ம விரல் தோல்ல இருக்கிற என்சைமே அதைத் தின்னுடும். உங்க படத்துலயோ கீழ ஆர்என்ஏன்னு எழுதி மேல ரெண்டு இழை முறுக்கின டிஎன்ஏ, அந்த முறுக்கும் தப்பான பக்கம். ரொம்ப சந்தோஷம்.

"மருந்து வாசல் வரைக்கும் வந்தாச்சு"ன்னு வேற. இதுல ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது முக்கியமா ஒரு சிறுநீர் டெஸ்ட், ஆம்பளைங்களுக்கு வர்ற புரோஸ்டேட் சுரப்பி கேன்சருக்கு, பிசிஏ3ங்கிற நீள ஆர்என்ஏவை அளக்கிறது, அமெரிக்கால 2012ல அங்கீகாரம் குடுத்தாங்க. அதுவும் ஏற்கனவே பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துப் பாக்குற டெஸ்ட், பண்ணி ஒண்ணும் இல்லேன்னு வந்தவங்களுக்கு மறுபடியும் பண்ணணுமான்னு முடிவெடுக்க உதவுறது, அவ்ளோதான்.

நீங்க போட்டதை எங்க புளோக்ல எல்லாரும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. கீழ்வீட்டு அக்காவுக்கு 50 தாண்டி ரொம்ப வருஷம் ஆச்சு, நான் கெஞ்சிக் கூத்தாடி பெருங்குடல் கேன்சருக்கான மல டெஸ்ட் டப்பா வாங்க வெச்சேன். இப்ப அது பிரிக்காம பிரிட்ஜ் மேல ஊறுகாய் பாட்டில் பக்கத்துல உக்காந்திருக்கு. கேட்டா "இனிமே இது எதுக்கும்மா, ஆர்என்ஏ ஊசி வருதாமே, பேப்பர்லயே போட்டுட்டான்". பெருங்குடல் கேன்சர் சிங்கப்பூர்ல எவ்ளோ ஜாஸ்தின்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?

முன்னாடி வெந்தயத் தண்ணியில சுகர் ஓடிப்போயிடும்னு போட்டப்பவும் பக்கம் பக்கமா எழுதினேன், அதை ரெண்டு வரியா வெட்டி நான் ஏதோ பாராட்டின மாதிரி போட்டீங்க. கேட்டா இடமில்லையாம். ராசிபலனுக்கு அரைப் பக்கம் இருக்கு, தீபாவளி வந்தா சேலை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருக்கு, கேன்சருக்குன்னா மட்டும் கால் பக்கம், அதுலயும் படம் பாதி.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போடுங்க, அது கீழயே 50 வயசும் அதுக்கு மேலயும் உள்ள சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்துல மல டெஸ்ட் டப்பாவை இலவசமாவே வாங்கிக்கலாம்னு ஒரு வரி. இடம் பத்தலேன்னா அந்த வாரம் ஒரு ராசியை விட்டுடுங்க. நான் கன்னி, எனக்கு ஆட்சேபனை இல்ல.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி