செர்ரி மரத்தில் உங்கள் வெட்டு

சார்செல், பிரான்ஸ்,
நவம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மழை பிடித்துக்கொண்டது என்று அக்கா சொன்னாள். ஊசுடு ஏரி நிரம்பிவிட்டதா? முழங்கால் வலியோடு ஈரத்தில் இறங்கித் தோட்டத்தைக் கிளறிக்கொண்டிருக்காதீர்கள்.

ஓட்டல் வேலையை விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னபோது, "சரிப்பா, பார்த்துச் செய்" என்று மட்டும் சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அந்தச் "சரி"யில் எவ்வளவு கவலை இருந்தது என்று எனக்குத் தெரியும். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிள்ளை மண்வெட்டியைத் தூக்குகிறான் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இது திடீரென்று எடுத்த முடிவு இல்லை. போன வருடமே தோட்ட வேலைக்குத் தொழில் பதிவு செய்து, அதற்கான 14 இலக்க எண்ணும் வாங்கி, லீவு நாட்களில் மட்டும் வேலை பார்த்துவந்தேன். ஒரு பழைய வேன், புல் வெட்டும் மெஷின், பேட்டரியில் ஓடும் வேலிக் கத்தரி, ஏணி, காப்பீடு. அவ்வளவுதான் முதலீடு.

முதல் வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான். எப்படி என்று சொல்கிறேன்.

இங்கே பக்கத்தில் மோன்மொரன்சி என்று ஓர் ஊர். செர்ரிப் பழத்துக்குப் பேர்போனது, நமக்குப் பண்ருட்டிப் பலா மாதிரி. அங்கே எழுபது தாண்டிய ஒரு மதாம் வீட்டில், அவருடைய கணவர் வைத்த செர்ரி மரம் ஒன்று. போன வருடம் ஆகஸ்டில் அடித்த காற்றில் கையளவு பருமனுள்ள கிளை முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருடம் வேறொருவர் வந்து ஒரு கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்திருக்கிறார். பாரம் தாங்காமல் பட்டை உரிந்து, தண்டில் முழ நீளத்துக்குக் காயம். அதிலிருந்து பிசின் வடிந்து காய்ந்திருந்தது. மதாம் அதைக் காட்டிவிட்டு, "இதையும் இப்படிச் செய்துவிடாதீர்கள்" என்றார்.

எனக்கு 'தானே' புயல்தான் ஞாபகத்துக்கு வந்தது. 2011 டிசம்பர் 30. காற்று அடங்கியதும் நீங்கள் வேலை பார்த்த தாவரவியல் பூங்காவுக்குக் கிளம்பினீர்கள், நானும் பின்னாலேயே வந்தேன். உள்ளே போக வழியில்லாமல் மரங்கள் குறுக்கே கிடந்தன. நீங்கள் யாரிடமும் பேசவில்லை. தொங்கிய கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மட்டும், "மேலேருந்து அறுத்தா பட்டை உரிஞ்சிக்கிட்டுப் போயிடும். முதல்ல அடியில ஒரு வாய் வை" என்றீர்கள். அடியில் ஒரு வெட்டு. அதைவிடக் கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு. பாரம் இறங்கினதும், மிச்சக் கட்டையைத் தண்டை ஒட்ட அறுக்காமல், கிளை புறப்படுகிற அந்தத் தடிப்பை விட்டு ஒரு வெட்டு. அதை அப்படியே செய்தேன். கிளை இறங்கியபோது ஒரு நார்கூட உரியவில்லை.

மதாம் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அப்பாவிடம் படித்தேன், பாண்டிச்சேரியில் 1826-இல் உங்கள் நாட்டுக்காரர்கள் போட்ட தோட்டத்தில்தான் அவர் வேலை பார்த்தார் என்றேன். அந்தத் தெருவில் இப்போது நான்கு வீடுகள் என்னிடம் இருக்கின்றன.

இந்த வருடம் மே மாதத்தில் நன்றாக அடிபட்டேன், அதையும் மறைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் நம்மூர் தை மாதம் போல இதமான வெயில். ஒரு பெரியவர் வாங்கி வைத்திருந்த தக்காளி, ஜெரேனியம் நாற்றுகளை, இனி குளிர் வராது என்று நானே சொல்லி நட்டுவிட்டேன். மே இரண்டாம் வாரம் ஒரே ராத்திரி. காலையில் போய்ப் பார்த்தால், வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தன. என் கைக்காசு போட்டு அத்தனையும் மாற்றி வைத்தேன். அவர் கோபப்படவில்லை. மே 11, 12, 13 மூன்று நாளும் பனிப் புனிதர்களின் நாட்கள், அவர்கள் கடந்து போகும்வரை இளஞ்செடியை வெளியே வைக்கக் கூடாது என்பது இங்கே பழைய வழக்கம் என்றார். நாம் ஆடிப்பட்டம் பார்ப்பது மாதிரிதான், அப்பா. ஊர் மாறினால் பட்டமும் மாறும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நவம்பர் 25 புனித கத்ரீன் நாள். அன்று வைத்த எந்த மரமும் வேர் பிடிக்கும் என்பார்கள். நேற்று முன்தினம் அதே பெரியவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பேரிக்கன்று வைக்கச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

வருமானம் பற்றி அம்மா கேட்பாள். தோட்டப் பராமரிப்புக்கு வீட்டுக்காரர்கள் கொடுக்கிற பணத்தில் பாதியை அரசாங்கம் அவர்களுக்கு வரியில் திருப்பித் தருகிறது, வருடத்துக்கு 5,000 யூரோ செலவு வரைக்கும். புல் வெட்டுவது, வேலி கத்தரிப்பது, களை எடுப்பதற்கெல்லாம் இது உண்டு. புதிதாகத் தோட்டம் அமைத்துக் கல் பதிப்பதற்குக் கிடையாது. ஆகையால் நான் பராமரிப்போடு நிற்கிறேன். முதலில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்து, அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகே கத்தரியைத் தொடுகிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேலை குறைவு. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று மாதச் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் மருமகள் சம்பளமும் வருகிறது. பயப்பட வேண்டாம்.

இலை தழையைக் கூட்டி மூலையில் கொளுத்துவோமே, அது இங்கே கூடாது. மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். குருவி கூடு கட்டுகிற மாதங்களில் வேலியில் கை வைக்காமல் இருப்பது நல்லது. 2019-லிருந்து வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ரசாயனக் களைக்கொல்லி விற்பதே இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. நீங்களும் மருந்தடிக்க ஒத்துக்கொண்டதே இல்லையே.

ஆனால் குனிந்து களை எடுக்க இவர்களிடம் இருக்கிற கருவி என் கைக்கு வரவில்லை. நீளக் காம்பு, கல்லிடுக்கில் நுழைய மாட்டேன் என்கிறது. வில்லியனூர்ப் பட்டறையில் சொல்லி, நீங்கள் வைத்திருக்கிற அதே அளவில் இரண்டு களைக்கொத்து அடித்து வாங்கி வையுங்கள். பிடி போட வேண்டாம், இங்கே நான் போட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு மச்சான் ஊருக்கு வருகிறார், பெரிய பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டும். கனகாம்பர விதை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சான்றிதழ் இல்லாமல் கொண்டுவந்தால் பிரச்சினை.

மதாம் வீட்டு மரத்தில் வெட்டுவாயைச் சுற்றி இப்போது பட்டை வளையமாக மூடிக்கொண்டு வருகிறது. படம் எடுத்து அக்கா போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டு சரியா, இன்னும் கொஞ்சம் வெளியே வைத்திருக்க வேண்டுமா, சொல்லுங்கள்.

உங்கள் சின்னவன்