அன்றிரவு நீங்கள் ஜெபம் பண்ணவில்லை, அப்பா

அப்பா,

இன்று அக்டோபர் 29. ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நேரில் சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள். ஆனால் நேரில் சொன்னால் உடனே என் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கிவிடுவீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் எப்படிப் பேசுவது? சபையில் யாராவது இதை ஃபோனில் உங்களுக்குக் காட்டத்தான் போகிறார்கள். அதனால் நம் தோட்டத்து டிவிசன் பேரை எழுதவில்லை. அம்மா சொன்னதையும் எழுதவில்லை.

2014-இல் இதே நாளில், நம் இலங்கை மலையகத்தில், கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, வரிசை வீடுகளான லயங்களோடு ஆட்களையும் மண் மூடிய அன்று, குப்பி லாம்பு வெளிச்சத்தில் 91-ஆம் சங்கீதம் வாசித்தீர்கள். ‘அது உன்னை அணுகாது’ என்ற இடத்தில் நான் கேட்டேன்: “அவுங்கள்ல யாருமே ஜெபம் பண்ணலையாப்பா?” உங்கள் விரல் அந்த வரியிலேயே நின்றது. பைபிளை மூடிவிட்டீர்கள்.

மறுநாள் அரிசியும் போர்வையும் சுமந்துகொண்டு கொஸ்லாந்தைக்குப் போய், முழங்கால்வரை சேற்றோடு திரும்பினீர்கள். கால்கூடக் கழுவாமல் வீட்டு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்தீர்கள். சேறு காய்ந்து, காலை அசைக்கும்போதெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அம்மா பைபிளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நீங்கள் தொடவில்லை. அன்றைக்கு உங்களை எனக்கு அவ்வளவு பிடித்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தீர்கள். “கர்த்தர் நம்ம லயத்தக் காத்தாரு.” பள்ளிக்கூடம் போயிருந்ததால் மட்டும் பிழைத்த பிள்ளைகள் அதைக் கேட்டிருந்தால்? அந்த மலை ஆபத்து என்று 2005-லேயே எச்சரித்திருந்தார்கள். வளர்ந்த பிறகுதான் வாசித்தேன். அதிலிருந்து யாராவது ‘தேவ சித்தம்’ என்றால், அந்த மக்களுக்கு வேறு இடம் கொடுக்காதவர்கள் நிம்மதியாக மூச்சு விடும் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

பாட்டன் பூட்டன் காலத்து விசுவாசம் என்பீர்கள். 1854-இல் தோட்டத் தொழிலாளர்களிடம் வந்த கிறிஸ்தவ மிஷனுக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றுதான் பேர் வைத்தார்கள். எழுத்தையும் அவர்கள்தான் கொடுத்தார்கள், சரி. அந்த எழுத்தில்தான் நானும் கேட்கிறேன்.

கடவுள் இல்லை என்று சொல்ல வரவில்லை. தெரியவில்லை. பண்டாரவளை பஸ் வளைவில் சாயும்போது வாய் இன்னும் தன்னால் ‘இயேசப்பா’ என்கிறது.

கிறிஸ்மஸுக்கு வருவேன். ஆராதனையில் உங்கள் பக்கத்திலேயே உட்காருவேன். திருவிருந்துக்கு மட்டும் எழமாட்டேன். போன வருஷம் மாதிரி, மகளுக்கு உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

அந்த ராத்திரி இஸ்தோப்பில் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? அதைச் சொல்லுங்கள் அப்பா. ஜெபமாக வேண்டாம்.