ஊருக்கு வரும் முன் இதை முழுசாகப் படி, மக்களே

அன்பு மக்களே,

போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மருமகளையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து அப்பா கிணற்றடியில் நிற்கும் மட்டி வாழைக்குலையைத் தினமும் போய்த் தொட்டுப் பார்க்கிறார், நீங்கள் வரும் நேரத்துக்கு விளைந்துவிடுமா என்று. வாருங்கள், கட்டாயம் வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆறு மாதமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மே கடைசியில் வந்தாயே, சக்கை பழுத்துக் கிடந்த நேரம். இந்த 2025-ல் கேரளத்தில் மே 24-லேயே மழை இறங்கிவிட்டது, நமக்கும் விடாமல் கொட்டியது, சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து சக்கைச்சுளை தின்றுகொண்டு இருந்தோம். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாய். கேட்டதற்கு, ஏசி பஸ்ஸில் வந்த தடுமன் என்றாய். நீ திரும்பிப் போன மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தொண்டை கரகரத்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது "நெஞ்சில் சளி கட்டிவிட்டது" என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். மக்களே, அது கொரோனா. டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். அப்பாதான் உன்னிடம் சொல்ல விடவில்லை. "பிள்ளை மனசு கஷ்டப்படும், பிறகு ஊருக்கு வரவே யோசிப்பான்" என்றார்.

உன்னிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வாரம் அவர் ஒரு கல்யாண வீட்டுக்கும் போய் வந்திருந்தார். தப்பு என் மேலும் இருக்கிறது. 30 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கினவள் நான், 2021-ல் ஒரு நாளைக்கு எத்தனை பேர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் சொந்த வீட்டில் மழைக்காலத்து இழுப்புதானே என்று நினைத்துவிட்டேன். சுக்குக்காப்பி கொடுத்தேன், நல்லமிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். ஐந்து நாள் அப்படியே போய்விட்டது. ஆறாம் நாள் ராத்திரி விழித்துப் பார்த்தால், கட்டில் விளிம்பில் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். "தண்ணி... கொஞ்சம்..." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மிஷினை விரலில் மாட்டினால் ஆக்சிஜன் 88. விரல் குளிர்ந்திருந்தாலும் தப்பாகக் காட்டும் என்று தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் மாட்டினேன், 89. அந்த நிமிஷம் என் கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அடுத்த நாலு நாள் ஆக்சிஜனில் இருந்தார்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், போன வாரம் நீ சொன்ன ஒரு பேச்சு. "கொரோனா எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சும்மா, இப்ப வர்றது சாதா தடுமன்தான்" என்றாய். உனக்கு அப்படித்தான் இருக்கும், 36 வயசு, திடமான உடம்பு, மூன்று நாளில் எழுந்துவிடுவாய். அப்பாவுக்கு 69. வாலிபத்திலிருந்து ரப்பர் ஷீட் போடும் புகைப்புரையில் நின்ற நெஞ்சு அது, கூடவே சுகர். 2023 மே 5-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது, அவ்வளவுதான். வைரஸ் எங்கும் போய்விடவில்லை, வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

"ஏன் அத்தை புதுசு புதுசாகப் பேர் வருது, இது நிற்கவே நிற்காதா?" என்று மருமகள் அன்றைக்குக் கேட்டாள். சின்னவன் அழுததால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை, நீ வாசித்துக் காட்டு. நான் மாதா மாதம் தாய் சேய் பதிவேட்டைப் பார்த்து இன்னொரு நோட்டில் எழுதுவேனே, நீகூட ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுத் தருவாய். எவ்வளவு கவனமாக எழுதினாலும் எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும், அடுத்த மாதம் அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் பார்த்து எழுதுவோம். கொரோனா தன்னைத் தானே படியெடுப்பதும் அப்படித்தான். அதன் மரபணுவில் ஏறக்குறைய 30,000 எழுத்துகள், ஓர் ஆளின் மூக்குக்குள்ளேயே அது கோடிக்கணக்கில் படியெடுக்கிறது. விழுகிற பிழைகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் ஆகாது, சில படிகள் அங்கேயே செத்துப்போகும். ஆனால் வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில் ஒரு மாற்றம் வந்தால் சங்கதி வேறு. அந்த முள்ளால்தான் அது நம் செல்லைப் பிடித்து உள்ளே நுழைகிறது. நம் உடம்பில் இருக்கிற, ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளும் பெரும்பாலும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறது. முள்ளின் வடிவம் மாறிவிட்டால் எதிர்ப்பொருளுக்கு ஆள் தெரியாது. அப்படித் தப்பித்துப் பரவுகிற படியைத்தான் புதிய வகை, வேரியன்ட் என்று பேப்பரில் போடுகிறார்கள்.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல். 2021 மே 31-ந்தேதிதான் ஆல்பா, டெல்டா என்று கிரேக்க எழுத்தில் பெயர் வைத்தார்கள், எந்த நாட்டின் பெயரையும் சொல்லிப் பழி போடக் கூடாது என்பதற்காக. அந்த வருஷம் நவம்பர் 26-ந்தேதி ஒமைக்ரான் என்று பெயர் வைத்தார்கள், இன்றைக்குச் சுற்றுவதெல்லாம் அதன் பிள்ளையும் பேரனும்தான். 2023-ல் பிஏ.2.86 என்று ஒன்று வந்தது, முள்ளில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றம். அதிலிருந்து பிறந்ததுதான் ஜேஎன்.1. நம் நாட்டில் அது முதலில் 2023 டிசம்பரில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கரகுளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. களியக்காவிளை தாண்டினால் அந்த மாவட்டம்தான், நம் ஆட்களில் பாதிப் பேர் வைத்தியத்துக்குப் போவதும் அங்கேதான், அதனால் அது ஏதோ தூர தேசத்துச் செய்தி என்று எனக்குப் படவே இல்லை. இந்த 2025 மே மாதம் என்பி.1.8.1, ஜூனில் எக்ஸ்எஃப்ஜி என்று உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ந்தன. எக்ஸ் என்று தொடங்கினால் இரண்டு வகை ஒரே ஆளின் உடம்பில் சந்தித்துக் கலந்து பிறந்தது என்று அர்த்தம். அப்பாவுக்கு வந்தது எது என்று எனக்குத் தெரியாது, எடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் மரபணுச் சோதனைக்கு அனுப்புவதும் இல்லை. தெரிந்திருந்தாலும் வைத்தியம் அதே வைத்தியம்தான்.

ஒரு ஆறுதலும் இருக்கிறது. எதிர்ப்பொருள் சில மாதத்தில் குறைந்துபோகும், அதனால்தான் திரும்பத் திரும்பத் தொற்றுகிறது. ஆனால் தடுப்பூசியும் முன்னால் வந்துபோன தொற்றும் உடம்பில் நினைவு செல்களை விட்டுவைத்திருக்கின்றன. அதில் டி செல் என்பது முள்ளின் ஓர் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை, வைரஸின் பல துண்டுகளை ஞாபகம் வைத்திருக்கும். அதனால் மூக்கில் நுழைவதைத் தடுக்க முடியாவிட்டாலும் நுரையீரல் வரை போய் ஆளை அடித்துப்போடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. 2021 செப்டம்பர் 12-ல் தொடங்கி வாரா வாரம் மெகா முகாம் நடத்தினோமே, தோட்டத்தில் பால் எடுத்து முடிக்கிற நேரம் பார்த்து ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து, ஓடினவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஊசி போட்டோமே, அந்த உழைப்பு இன்றைக்கும் பல பேருடைய உடம்பில் வேலை செய்கிறது. டெல்டா நேரத்தில் நம் தெருவிலேயே எத்தனை வீட்டில் ஆள் போனது என்று உனக்குத் தெரியும்.

வயசானவர்களுக்கு அந்த ஞாபகம் சீக்கிரம் மங்கும். அப்பா கடைசியாக ஊசி போட்டது 2022-ல். வெளிநாடுகளில் புதிய வகைக்கு ஏற்ப மாற்றிய ஊசியை வயசானவர்களுக்குப் போடுகிறார்கள். அவருக்கு என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், ஃப்ளூ ஊசியை அக்டோபரிலேயே போட்டாயிற்று. மற்றபடி அவரைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், கேள். மெடிக்கல் ஷாப்பில், கொரோனாவை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கிற ஆன்டிஜென் கிட் நாலு வாங்கு. கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஆளுக்கு ஒன்று. முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, குச்சியை ஒரு துவாரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டுச் சுவரோடு ஒட்டி ஐந்து சுற்று, அதே குச்சியை மறு துவாரத்திலும் ஐந்து சுற்று. சும்மா நுனியில் தொட்டுவிட்டு எடுத்தால் ஒன்றும் வராது, எத்தனை பேர் அப்படித்தான் செய்கிறார்கள். 15 நிமிஷத்தில் பார், 20 நிமிஷம் தாண்டினால் அந்த ரிசல்ட்டை நம்பாதே. டி பக்கம் லேசாக நிழல் மாதிரி கோடு தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். சி பக்கத்துக் கோடு மட்டும் வந்து தொண்டை கரகரப்பு இருந்தால், இல்லை என்று முடிவு கட்டாமல் இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும், ஆரம்பத்தில் அந்தக் கிட்டுக்கு அது அகப்படாது. மீதி ஒன்றை அதற்குத்தான் வாங்கச் சொல்கிறேன். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னாலேயே மற்றவர்களுக்குப் பரவும் என்பதையும் மறந்துவிடாதே.

பஸ்ஸில் ராத்திரி முழுக்க அடைத்த காற்று. என்95 மாஸ்க் போடு, மூக்கு மேல் உள்ள கம்பியை அழுத்தி விடு, தாடைக்குக் கீழே இறக்கிக்கொண்டு தூங்காதே. சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயசு ஆகவில்லை, அவனுக்கு மாஸ்க் வேண்டாம், ஜன்னல் திறக்கிற பஸ்ஸோ ரயிலோ கிடைக்குமா என்று பார். இங்கே வந்ததும் முதல் இரண்டு நாள் அப்பாவோடு வாசல் சிட்டவுட்டில் உட்கார்ந்து பேசுங்கள், அவர் பேரனைத் தூக்காமல் இருக்க மாட்டார், தூக்கட்டும், காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தூக்கட்டும். மழை வந்தாலும் இந்தத் தடவை நான் ஜன்னலை அடைக்கப் போவதில்லை, நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

கபசுரக் குடிநீரும் போட்டு வைப்பேன், குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று மற்றதை விட்டுவிடக் கூடாது. உங்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் நீயாக வாங்கிப் போடாதே. முதலாவது வைரஸை ஒன்றும் செய்யாது, இரண்டாவதை ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டாக்டர் கொடுத்தால்தான் பலன், 2021-ல் சுகர்காரர்களுக்குக் கறுப்புப் பூஞ்சை வந்ததில் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு. அப்பா மாதிரி ஆட்களுக்கு நிர்மட்ரெல்விர், ரிட்டோனாவிர் இரண்டும் சேர்ந்த மாத்திரை இருக்கிறது, அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். நான் தவறவிட்டது அந்த ஐந்து நாளைத்தான். அவர் தினமும் போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையோடு அது சேராது, சில நாள் அதை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் அவர் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், நான் இல்லாத நேரத்தில் ஏதாவது என்றால் அதைக் கிழித்துக் கையோடு கொண்டு போ. மூச்சு வாங்கினாலோ, மிஷினில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே.

நான் சொல்லிவிட்டேன் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவருக்கு நீ வர வேண்டும், அவ்வளவுதான். கிட் எடுத்ததும் மூன்றையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ அனுப்பு. யாருக்காவது இரண்டு கோடு வந்தால் யோசிக்காமல் டிக்கெட்டை கேன்சல் செய், கிறிஸ்மஸுக்கு வந்துகொள்ளலாம். குலை அதுவரை தாங்காது, வெட்டி ஒரு சீப்பை வடசேரியில் பஸ்காரரிடம் கொடுத்து விடுகிறேன்.

அம்மா