எங்கள் பெயரில் நிதி கேட்கும் நண்பர்களுக்கு

கார்டானோ என்ற கிரிப்டோ நாணய வலையமைப்பின் பொதுநிதியிலிருந்து மலையகத்துக்கு ஒரு திட்டம் கொண்டுவரலாம் என்று விண்ணப்பம் எழுதுகிற, எழுத நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படித்து, இப்போது கொழும்பில் கம்பியூட்டர் முன்னால் இருப்பவர்கள். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் "பயனாளிகள்" என்று எழுதுகிறீர்களே, அவர்களில் யாருக்காவது அதில் வாக்கு உண்டா?

விஷயம் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டானோவில் பரிவர்த்தனைக் கட்டணங்களிலிருந்தும் புதிதாக வெளிவரும் அடா நாணயத்திலிருந்தும் ஐந்தில் ஒரு பங்கு பொதுத் திறைசேரிக்குப் போகிறது. 2020இல் தொடங்கிய கேட்டலிஸ்ட் என்ற நிதித் திட்டம் வழியாக யாரும் யோசனை எழுதிப் போடலாம். அடா வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். வென்றாலும் பணம் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆதாரம் காட்டித்தான் வாங்க வேண்டும். 2025 பெப்ரவரியில் இந்த வலையமைப்புக்கு ஓர் அரசியலமைப்பே நடைமுறைக்கு வந்தது. திறைசேரியிலிருந்து பணம் எடுக்க, அடாக்காரர்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகளும் அரசியலமைப்புக் குழுவும் சம்மதிக்க வேண்டும். ஒரு முதலாளி நினைத்ததும் கையெழுத்துப் போட்டு எடுக்கிற காசு இல்லை. அந்த அளவில் எனக்கு இது பிடித்த ஏற்பாடுதான்.

ஆனால் வாக்கின் கனம் ஆளைப் பார்த்து வருவதில்லை, மடியில் இருப்பதைப் பார்த்து வருகிறது. கேட்டலிஸ்டின் பல சுற்றுகளில் வாக்களிக்கப் பதிவதற்கே குறைந்தது 450 அடா வேண்டியிருந்தது. அடா ஒன்று 40 அமெரிக்க சதம், டொலர் 300 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள்: 54,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 40 முழுப்பேர், அதாவது 40 நாள் முழுச்சம்பளம். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாட்களும், சங்கச் சந்தாவும், கடைக்கடனும் இந்தக் கணக்கில் இல்லை. கேட்டலிஸ்டை விட்டுவிட்டு நேரடியாகத் திறைசேரியிடம் பணம் கேட்பதென்றால் 100,000 அடா வைப்புக் கட்ட வேண்டும். பிறகு திரும்பக் கிடைக்கும், சரி. முதலில் யாரிடம் இருக்கிறது?

காசை வைத்து வாக்கை எடைபோட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கிரிப்டோ உலகத்திலேயே உதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற வேறொரு அமைப்பில், ஒருவர் சில நொடிகளுக்கு மட்டும் கடன் வாங்கிய பணத்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கைச் சேர்த்தார். பொதுப்பணத்தைத் தனக்கே கொடுக்கும் யோசனையைத் தானே நிறைவேற்றிக்கொண்டார். இழப்பு ஏறக்குறைய 18 கோடி டொலர். ஒவ்வோர் அடியும் விதிப்படி நடந்தது.

மலையகத்தில் இதைப் பேசும்போது கூடுதலாக உறைக்கும். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வதிவிடம், எழுத்தறிவு, சொத்து என்று தனி நிபந்தனைகள். அதையும் தாண்டி 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சப் பேரின் பிரஜாவுரிமை 2003 வரை இழுபட்டது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவ்வளவாகப் பேசப்படாதது இன்னொன்று: வாக்கு கைக்கு வந்த பிறகும் காசு வரவில்லை. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அந்தச் சட்டமே தடையாக இருந்தது. நாங்கள் சபைக்கு வாக்குப் போட்டோம், சபையின் ரோடு தோட்டத்து கேட்டோடு நின்றது. உங்கள் திட்டத்தில் காசு தோட்டத்துக்குள் வருகிறது, வாக்கு கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

அடாக்காரர்கள் தங்கள் பணத்துக்குத் தாங்கள் வாக்களிப்பதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் தோட்டத்தின் எந்த டிவிசனுக்கு, அதாவது எந்தப் பிரிவுக்கு, தண்ணீர்க் குழாய், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்கு என்ன தேவை என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் விண்ணப்பத்தில் இருப்பதுதான் தெரியும்.

எல்லோருக்கும் போனில் வாலட் என்ற கிரிப்டோ பணப்பை திறந்து அடா வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்வார். தயவுசெய்து வேண்டாம். கிரிப்டோ இங்கே சட்டபூர்வ நாணயம் அல்ல, வங்கி அட்டையால் அதை வாங்கவும் அனுமதியில்லை என்று மத்திய வங்கி 2021இலேயே அறிவித்திருக்கிறது. டவுனில் மண்டபம் பிடித்துக் 'கொயின்' விற்றவர்களிடம் நகை அடகு வைத்த காசைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அதோடு, வாலட்டின் சாவியான 24 சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரமாக வை, தொலைந்தால் கடவுளாலும் மீட்க முடியாது என்கிறீர்கள். மழைக்கு ஒழுகும் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், அந்தத் தாளை எங்கே வைப்பது?

பணத்தின் கனத்தால் வாக்கை அளப்பதற்கு மாற்றும் தேடியிருக்கிறார்கள். 2018இல் விட்டாலிக் புட்டரின், ஸோயி ஹிட்ஸிக், கிளென் வெய்ல் மூவரும் முன்வைத்த முறையில், ஒரு திட்டத்துக்கு எவ்வளவு நிதி என்று முடிவுசெய்ய, ஒவ்வொருவர் கொடுத்த தொகையின் வர்க்கமூலத்தையும் கூட்டி, வந்ததை வர்க்கிப்பார்கள். நூறு பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டால் கணக்கில் 10,000. ஒருவர் தனியாக நூறு ரூபாய் போட்டால் வெறும் நூறு. கிட்கொயின் என்ற நிதியளிப்புத் தளம் இதை 2019 முதல் நடத்திப் பார்த்தது. சிக்கல் எங்கே என்றால், ஒரே ஆள் நூறு பேராக வேஷம் போடலாம். வாலட்டுக்குப் பின்னால் யார் என்று சங்கிலிக்கு, அதாவது பிளொக்செயின் என்ற பொதுப் பதிவேட்டுக்கு, தெரியாது.

அது தெரிந்தவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். எந்த லயத்தில் எத்தனையாவது காம்பராவில் யார், யாருடைய மகள், யார் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்பது பிள்ளைமடுவத்து ஆயாவுக்கு மனப்பாடம். ஒரு டிவிசனில் ஒருவர் இரண்டு பேராக நிற்க முடியாது. ஆகவே திட்டத்தை முடிவுசெய்யும் வாக்கெடுப்பை, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலோ கோயில் வாசலிலோ ஆளுக்கு ஒரு வாக்கு என்று நடத்துங்கள். முடிவையும் பணக்கணக்கையும் சங்கிலியில் எழுதுங்கள். பெண்களைத் தனியாகவும் கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் தலைவர்தான் பேசுவார், கொழுந்தெடுக்கிறவர் பின்னால் நிற்பார். அப்புறம் பட்ஜெட் தமிழில், ரூபாயில் இருக்கட்டும். 'திட்ட முகாமைத்துவம்' என்ற வரியில் உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதும் அதில் தெரிய வேண்டும்.

ஆதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணிக்கு, சாக்குக்கு என்று கொழுந்து நிறுவையில் கிலோ வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஏட்டில் இருக்கும் எண்ணும் கூடையில் இருந்த கொழுந்தும் ஒன்றில்லை என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கிலியில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது, உண்மை. பொய்யை எழுதினால் அதையும் அழிக்க முடியாது. போட்டோவும் வீடியோவும் அனுப்புங்கள். கூடவே, டிவிசனில் தெரிவான மூன்று பேர், அதில் ஒருவராவது கொழுந்தெடுக்கும் பெண், வேலையைப் பார்த்து ஒப்பமிட்ட தாளையும் சேருங்கள். "குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை" என்று அவர்கள் எழுதினால் அதையும் அப்படியே அனுப்புங்கள். அடுத்த தவணை நிற்கும். நிற்கட்டும்.

வரைவு தயாரானதும் வாருங்கள், கூட்டம் கூட்ட நான் உதவி செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்லது. 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு மட்டும் வேண்டாம், எல்லோரும் டவுனுக்குப் போய்விடுவார்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை