ஓடும் லைனுக்கு ஆஃபீஸ் விதி பொருந்தாது: ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலை நிர்வாகத்தினருக்கும் ஐ.டி. துறையினருக்கும்,

வணக்கம். இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கன்ட்ரோலர்கள், ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் ஸ்காடா ஆகியவற்றின் நெட்வொர்க்கையும் இனி ஐ.டி. துறையே பாதுகாக்கும் என்று பல ஆலைகளில் உத்தரவு வருகிறது. பாதுகாப்பு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆஃபீஸ் கணினிக்கு எழுதிய விதியை அப்படியே ஷாப் ஃப்ளோரில் இறக்காதீர்கள்.

உற்பத்தி லைன் ஓடும்போது போர்ட் ஸ்கேன் (ஒவ்வொரு கருவியிலும் எந்த இணைப்பு வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது) நடத்த வேண்டாம். பழைய பி.எல்.சி.யின் கம்யூனிகேஷன் கார்டு அந்தச் சுமையில் உறைந்துவிடலாம், லைன் நின்றுவிடலாம். நெட்வொர்க் ஸ்விட்சில், கடந்துபோகும் தரவின் நகலைத் தரும் மிரர் போர்ட் வைத்துக் கேட்டாலே எந்தக் கருவி எதனுடன் பேசுகிறது என்று தெரிந்துவிடும். மூன்று முறை பாஸ்வேர்டு தவறினால் பூட்டும் விதியும் கன்ட்ரோல் ரூம் திரைக்கு ஆகாது. அலாரம் அடிக்கும்போது ஆபரேட்டர் பூட்டிய திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவது ஷட்டவுனில் மட்டும், அதுவும் ஸ்பேர் கணினியில் சோதித்த பிறகு. பேட்ச் போட முடியாத பழைய விண்டோஸ் இருந்தால் அதைத் தனி வி.லேனில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதியில்) வைத்து, நடுவில் ஃபயர்வால் போடுங்கள். கன்ட்ரோல் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான, 1979-இல் பிறந்த மோட்பஸ், கட்டளை அனுப்புவது யார் என்று கேட்பதே இல்லை. அதற்கான 502-ஆம் போர்ட்டை எட்டும் எவரும் வால்வைத் திறக்கலாம். ஆகவே குறிப்பிட்ட எச்.எம்.ஐ. (ஆபரேட்டர் திரை) முகவரியிலிருந்து அதற்குரிய பி.எல்.சி.க்கு மட்டும் வழி விடுங்கள், மற்றதெல்லாம் தடை.

இயந்திரம் விற்ற வெண்டர், தொலைவிலிருந்து இணைவதற்காகப் பேனலுக்குள் வைத்துவிட்டுப் போன 4ஜி மோடத்தைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் ஃபயர்வாலுக்கு அது தெரியவே தெரியாது. அந்த மோடத்தின் பவர் சப்ளைக்கு ஒரு சாவி ஸ்விட்ச் போட்டு, வேலை நடக்கும்போது மட்டும் ஆன் செய்யலாம். புதிய இயந்திரத்தையும் வைரஸ் சோதனை முடியாமல் இணைக்கக் கூடாது: 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யின் ஆலைகள் முடங்கியது அப்படித்தான். 2017-இல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலையின் சேஃப்டி கன்ட்ரோலரில் (ஆபத்து நேர்ந்தால் ஆலையை நிறுத்தும் கருவி) டிரைட்டன் என்ற தீநிரல் புகுந்தபோது, அந்தக் கன்ட்ரோலரின் சாவி, புரோகிராமை மாற்ற அனுமதிக்கும் ‘புரோகிராம்’ நிலையில் இருந்தது. ரன் நிலைக்குத் திருப்பிச் சாவியை உருவி வைக்கச் செலவே இல்லை!

பேக்கப் என்றால் பி.எல்.சி. புரோகிராம் மட்டுமல்ல. எச்.எம்.ஐ. ஃபைல், மோட்டார் டிரைவ் பாராமீட்டர், ஸ்விட்ச் கான்ஃபிகரேஷன், லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருள் உரிமம் உள்ள யு.எஸ்.பி. சாவி), அந்த புரோகிராமைத் திறக்கும் அதே வெர்ஷன் மென்பொருள் எல்லாம் சேர்த்துத்தான். ஒரு பிரதி நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கட்டும். இல்லையென்றால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். ஸ்பேர் சி.பி.யு.வில் (பி.எல்.சி.யின் மூளைப் பகுதி) ஏற்றி ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பேட்டரியில் நினைவகம் நிற்கும் பழைய சி.பி.யு.வில் பவர் ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். ஆஃப் செய்து கழற்றினால் புரோகிராமே போய்விடலாம்.

இதற்கு நாங்கள் கேட்பது: ஆண்டு ஷட்டவுனில் கன்ட்ரோல் வேலைக்கென்று தனி நேரம், மாடலுக்கு ஒரு ஸ்பேர் சி.பி.யு., ஃபயர்வால் விதி மாறும் முன் பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து. உற்பத்தி பிந்துகிறது என்று கடைசி நாளில் அந்த நேரத்தை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
கன்ட்ரோல் பராமரிப்புப் பொறியாளர்கள்