மூட்டு வலிப் பட்டியல் எங்களுக்கு உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு (உடம்பெங்கும் வலி நீடிக்கும் நோய்) மூலிகை வைத்தியம் என்று பார்த்ததும் ஆவலாகப் படித்தேன். பல வருடமாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். முடக்கத்தான், வாதநாராயணன், பிரண்டை, சித்தரத்தை, குங்கிலியம் என்று பட்டியல் நீண்டது. படித்து முடித்தபோது ஏமாற்றம்தான். முழங்கால் தேய்மானத்துக்கும் முடக்குவாதத்துக்கும் வழக்கமாகச் சொல்கிற அதே பட்டியலைத் தலைப்பை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இந்த நோயில் மூட்டு கெடுவதில்லை. வீக்கம் கிடையாது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை கூட பெரும்பாலும் நார்மல்தான். மூளையும் தண்டுவடமும் வலியைப் பெரிதாக்கி உணர்த்துகின்றன என்பதுதான் இன்றைய மருத்துவம் தருகிற விளக்கம். பேருந்தில் யாராவது லேசாகத் தோளில் இடித்தாலும் எங்களுக்கு அரை நாள் வலிக்கும். எவ்வளவு தூங்கினாலும் அசதி போகாது. மளிகைக் கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று முழித்துக்கொண்டு நிற்போம். வீக்கத்தைத் தணிக்கும் மூலிகைக்கு, வீக்கமே இல்லாத இடத்தில் என்ன வேலை? வாரத்தில் ஒரு நாள் முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டிலும் உண்டு. நன்றாகச் சாப்பிடலாம். ஆனால் அதைச் சாப்பிட்டால் இந்த வலி போய்விடும் என்று அச்சில் போடுவது வேறு விஷயம்.

எனக்கு இதம் தருவது நொச்சி ஒத்தடம். இரண்டு கைப்பிடி இலையை வாணலியில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, பழைய வேட்டித் துணியில் மூட்டையாக முடிந்து, தோசைக்கல்லில் சூடு காட்டிப் பிடரி, தோள்பட்டை, இடுப்பு என்று மெதுவாக ஒற்ற வேண்டும். சூட்டை முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த நெடி வீடு முழுக்க நிற்கும், மருமகள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆனால் அன்று ராத்திரி கழுத்து இறுக்கம் விட்டுத் தூக்கம் வருகிறது. பலன் இலையாலா, சூட்டாலா என்று கேட்டால், பாதிக்கு மேல் சூடுதான் என்பேன். சரி, எதனால் வந்தால் என்ன, தூங்கி எழுந்த மறுநாள் வலி கொஞ்சம் அடங்கித்தான் இருக்கிறது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் கலந்த களிம்பும் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தந்திருக்கிறது. தடவிய கையோடு கண்ணைத் தொட்டால் அப்புறம் அந்த நாள் போச்சு.

கட்டுரையில் அமுக்கராவை (அஸ்வகந்தா) புகழ்ந்திருந்தார்கள். தூக்கத்துக்கு அது ஓரளவு உதவுவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் மன அழுத்தமும் தூக்கமின்மையும் உள்ளவர்களிடம் நடந்தவை. அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், அரிதாகக் கல்லீரலையும் பாதிக்கும். எங்களில் பலர் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள். இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி ஒதுக்க இடமில்லையா? மஞ்சளும் அப்படித்தான். பாலில் போட்டுக் குடிப்பது ஒன்று, மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சும் அளவைக் கூட்டிய குர்குமின் (மஞ்சளின் சத்து) மாத்திரை வேறொன்று. அந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. ஆன்லைனில் வாங்குகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை, இந்த நோய்க்கு டாக்டர்கள் எழுதித் தருகிற டுலாக்செடினோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் செரட்டோனின் என்ற ரசாயனம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது லேபிள் இல்லாத பொடிப் பொட்டலம். எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படி ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார். நாலைந்து நாளில் வலி மாயமாகிவிட்டது, தெருவே ஆச்சரியப்பட்டது. கொஞ்ச நாளில் முகம் உப்பி, சர்க்கரை ஏறிவிட்டது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் டாக்டர், திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. மூட்டு வலிக்கு இயற்கை மாத்திரை என்று விற்ற ஒன்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்தும் ஒளிந்திருந்ததாக 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சித்த மருந்தோ ஆயுர்வேதமோ, லேபிளில் சேர்மானங்கள், உரிம எண், தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பொட்டலத்தை யார் புகழ்ந்தாலும் நான் தொடமாட்டேன்.

நடைப்பயிற்சி பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு 2016-இல் திருத்திய வழிகாட்டுதலில் இந்த நோய்க்கு உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சியை மட்டும்தான். வலியோடு நடப்பதா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. தெரு முனை வரை போய்த் திரும்புவதில் ஆரம்பித்தால் போதும். ஒரேயடியாக இழுத்துப் போட்டுக்கொண்டால் மறுநாள் படுக்கைதான்.

இதே பக்கத்தில் ஒரு சித்த மருத்துவரையும் ஒரு வாதநோய் நிபுணரையும் சேர்த்து எழுத வையுங்கள். எந்த மூலிகையை எந்த மாத்திரையோடு சேர்க்கக் கூடாது, கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களும் எதைத் தொடவே கூடாது என்பதைத் தனிக் கட்டம் கட்டிப் போட்டால், டாக்டரிடம் போகும்போது கத்தரித்து எடுத்துக்கொண்டு போவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்